மூன்றாம் தண்ணீர்

சித்திரை கடைசியில் ஒரு நாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. முனியராஜ் அண்ணன் வீடு. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் பாத்திரம் உருண்டால் இந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்ப்பேன்.

குழாயடியில் அதற்குள் சேதி வந்திருந்தது. முனியராஜுக்கு அம்மை போட்டிருக்கிறதாம். பெண்கள் குரலைத் தணித்துப் பேசினார்கள். எதிர் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாரும் தாளிக்கவில்லை. அம்மை வீட்டுப் பக்கம் கடுகு வெடிக்கிற வாடை போகக் கூடாது, மீன் கருவாடு அடுப்பில் ஏறக் கூடாது, வெளியே அலைந்துவிட்டு வந்த கால் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஒருவர் இளநீர் கொண்டுவந்து வாசலில் வைத்தார், தள்ளி நின்று கும்பிட்டார், போய்விட்டார். இன்னொருத்தி கூழ் கரைத்து வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் காய்ச்சல் வந்த இன்னொரு வீட்டுக்கு இதே தெரு என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். அது என் வீடு.

என் வீட்டுக்காரர் காளிராஜ் லாரி ஓட்டுகிறவர். முதல் ஊரடங்கில் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு கோயம்பேடு போய்த் திரும்பினார். வந்த சூட்டோடு காய்ச்சல். அவர் ஒரு அப்பாவி மனுஷன், தானாகவே போன் போட்டு ஆபீசருக்குச் சொன்னார். மறுநாளே தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்துவிட்டார்கள். கம்பெனி வேன் எங்கள் தெருவுக்கு வருவது நின்றது. விஸ்வநத்தம் பக்கம் இருக்கிற பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆணும் பெண்ணுமாகப் போனால்தான் இந்தத் தெருவில் உலை கொதிக்கும். அத்தனை வீட்டுக் கோபமும் எங்கள் தலையில் வந்து இறங்கியது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆண்கள் நாலைந்து பேர் சீமைக்கருவேல முள்ளை வெட்டி இழுத்து வந்து எங்கள் வாசலை அடைத்தார்கள். முதல் கட்டை இழுத்து வந்தவர் முனியராஜ் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லைதான், ஆனால் முறைக்கு அண்ணன். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது என்று என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுத்தவர். அந்தக் கையால்தான் முள்ளை இழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அன்று சாயங்காலம் முள்ளுக்கு மேலே ஒரு குடம் தண்ணீர் வந்தது. எக்கி எக்கி உள்ளே இறக்கியவள் அவர் பெண்சாதி அய்யம்மாள். முழங்கை வரை முள் கிழித்து ரத்தக் கோடு. வண்டி வந்து எங்களை ஏற்றிப் போகிற வரைக்கும் காலையும் மாலையும் அந்தக் குடம் வந்தது. ஆக அந்த வீட்டில் ஒருவர் மேல் எனக்குத் தீராத கோபம், ஒருத்தி மேல் தீராத நன்றி. செத்தவர் மேல் கோபம் வைக்கக் கூடாது என்பார்கள். நான் வைத்திருக்கிறேன்.

எனக்கும் நோய் ஒட்டியிருந்தது, இரண்டு பேரையும் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே என் பக்கத்துக் கட்டிலில் சாத்தூர்க்காரி ஒருத்தி. காய்ச்சல் விட்டுவிட்டது, நாளைக்கு வீட்டுக்குப் போய்விடுவேன் என்று தலை சீவிக்கொண்டிருந்தாள். மகளோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். ஆனால் நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு இழுத்தாள். அந்த வழியாகப் போன நர்சம்மா அதைக் கவனித்து ஓடி வந்து விரலில் மிசினை மாட்டினாள். பார்த்தவுடன் ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, வண்டியை வரவழைத்து, ஆக்சிஜன் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள். இந்த நோய் காய்ச்சலில் கொல்லாது, காய்ச்சல் விட்ட பிறகு சிரித்துப் பேச வைத்துக் கொல்லும் என்று நர்சம்மா சொன்னது எனக்கு மறக்கவில்லை.

நாங்கள் திரும்பி வந்த பிறகும் குழாயடியில் நான் குடத்தை வைத்தால் பக்கத்தில் இருக்கும் குடங்கள் நகரும். மாசக்கணக்கில் அப்படித்தான். அதைப் பார்த்த தெருவுக்கு ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது. காய்ச்சல் வந்தால் சாகலாம், சொல்லக் கூடாது.

இந்த வருஷம் நோய் திரும்பி வந்தபோது போன வருஷத்தைவிடக் கொடூரமாக இருந்தது. கம்பெனி பாதி ஆளோடு ஓடிக்கொண்டிருந்தது. எந்தத் தெருவில் ஒரு கேஸ் வந்தாலும் அந்தத் தெரு ஆள் ஒருவர்கூட கேட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மற்ற தெருக்களில் காலையில் வேன் ஏறுவதற்கு முன்னால் உடம்பு சுடுகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறினார்கள். அந்த நேரத்தில்தான் முனியராஜ் அண்ணன் வீட்டில் வேப்பிலை.

அப்போது ரோஜா என்கிற பிள்ளை வீடு வீடாக வந்து நெற்றியில் மிசினைக் காட்டிச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். ப்ளஸ் டூ முடித்தவள், அடுத்த தெரு. சுகாதாரத் துறையில் தன்னார்வலராகச் சேர்த்திருந்தார்கள். அந்த வீட்டு முன்னால் வந்தாள், வேப்பிலையைப் பார்த்தாள், தெருவிலேயே செருப்பைக் கழற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். என் வீட்டில் மட்டும் இரண்டு தடவை சூடு பார்த்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. முனியராஜ் அண்ணன் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். இருபது வருஷமாக அலுமினியப் பவுடரில் புழங்கி, கை கால் எல்லாம் வெள்ளி பூசியது மாதிரி மினுங்கும். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் இருப்பது போகாது. மருந்து அறைக்காரர் இருமுவது இந்தத் தெருவில் யார் காதிலும் விழாது. ஆனால் இது அந்த இருமல் இல்லை. இது ஹாஸ்டலில் நான் கேட்ட இருமல். இருமி முடித்ததும் மூச்சு திரும்ப வருவதற்குப் படுகிற பாடு இருக்கிறதே, அது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

புறவாசல் வழியாகப் போய் அய்யம்மாள் மதினியைக் கூப்பிட்டேன். அம்மைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் செய்துகொண்டிருந்தாள். தலை சீவவில்லை, எண்ணெய் தொடவில்லை, ஒரு நேரச் சாப்பாடு, மஞ்சள் சேலை. கண் மட்டும் குழிக்குள் போயிருந்தது. அண்ணனுக்கு மூச்சு வாங்குகிறது, அம்மைக்கு அப்படி வாங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னேன்.

"செல்வி, நீ நேத்துக் கருவாடு வறுத்தியா?" என்று கேட்டாள்.

எரிச்சலில் வறுத்துவிடலாம் என்று நினைத்தது உண்மை. சட்டியை அடுப்பில் வைத்ததும் உண்மை. என்ன இருந்தாலும் ஆத்தா சமாச்சாரம், கை போகவில்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டேன். அதைச் சொன்னேன். அவள் நம்பாமல் பார்த்தாள். "இருக்கன்குடி ஆத்தா சத்தியமா வறுக்கல மதினி" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அதற்குப் பிறகுதான் அவள் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்ததும் அவளுக்கு முதலில் காளிராஜுக்கு வந்த அதே நோய்தான் என்று தோன்றியதாம். அவர்தான், வெளியே சொன்னால் தெருவை அடைத்துவிடுவார்கள், சீசன் ஆர்டர் இருக்கிறது, அத்தனை குடும்பமும் நம்மைக் காறித் துப்பும், காளிராஜுக்கு நான் போட்ட முள்ளை நாளைக்கு எனக்குப் போடுவார்கள் என்றாராம். வெக்கையில் நெஞ்சில் வேர்க்குரு பொரிந்திருந்தது. அதைக் காட்டி, அம்மை என்று சொல்லிவிடு, ஒரு பயல் எட்டிப் பார்க்க மாட்டான் என்றாராம். அவளும் போய் வேப்பிலை ஒடித்து வந்து கட்டிவிட்டாள்.

"மொதல்ல பொய்யாத்தான் கட்டுனேன் செல்வி. ஆத்தா பேரச் சொல்லிப் பொய். ரெண்டு நாளா எனக்கு ஈரக்கொலை நடுங்குச்சு. அப்புறம் நெனச்சேன், ஒரு குத்தங்குறை இல்லாம செஞ்சுட்டா ஆத்தா அத மெய்யாக்கிருவா. இப்ப நெஞ்செல்லாம் முத்து எறங்கியிருக்கு. வந்து பாக்கியா? அவ வந்துட்டா. வந்தவள வச்சுக்கிட்டு ஊசி போடக் கூட்டிட்டுப் போனா விடுவாளா?"

பொய் சொல்லுகிறவளிடம் சண்டை போடலாம். நம்புகிறவளிடம் என்ன செய்ய? கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். வேப்பிலைக்குள் வந்து நின்று ஆஸ்பத்திரிப் பேச்சு பேசாதே என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். கோயிலை அரசாங்கம் அடைத்து வைத்திருக்கிறது, திறந்ததும் இருக்கன்குடிக்கு நடந்தே வந்து மாவிளக்கு எடுக்கிறேன் என்று அவள் நேர்ந்துகொள்வது சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

காளிராஜ் அதற்குள் நூற்றியெட்டுக்குப் போன் போடலாம் என்றார். நான்தான், சம்சாரம் வேண்டாம் என்கிறபோது வண்டி வந்து வாசலில் நின்றால் தெருவே கூடி நம்மை அடிக்க வரும், இன்னும் ஒருதரம் பேசிப் பார்க்கிறேன் என்றேன். மறுபடியும் போனேன். புறவாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

பிறகு ஒரு காலையில் தெரு முழுக்கச் சந்தோஷம். முனியராஜுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். ஆத்தா இறங்கிவிட்டாளாம். இன்றைக்கு உச்சிக்கு முதல் தண்ணீர் ஊற்றுகிறார்களாம். அம்மை இறங்கினால் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து, சுட்டதும் தலைக்கு ஊற்றுவார்கள். இடைவெளி விட்டு மூன்று தண்ணீர். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் நிலையில் கட்டிய வேப்பிலையை அவிழ்க்கலாம். சேதி கேட்ட எல்லோரும் முகம் மலர்ந்து கும்பிட்டார்கள். எனக்குச் சாத்தூர்க்காரி தலை சீவியது கண் முன்னால் வந்து நின்றது.

தெருமுனையில் ரோஜாவைப் பிடித்தேன். அவளிடம் விரலில் மாட்டுகிற மிசின் இருந்தது. வந்து ஒரு தடவை பார் தாயே என்று கேட்டேன். "அம்மை வீடுக்கா. நான் நாலு தெரு அலைஞ்சிட்டு வந்திருக்கேன். என் காலு அங்கன படலாமா?" என்றாள். அவளைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. மிசினை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடினேன். தண்ணீர் ஊற்றுகிற நாள் என்பதால் முன்வாசல் திறந்திருந்தது. வேப்பிலைக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். தெருவில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்து முணுமுணுத்தார்கள்.

முற்றத்தில் பலகை போட்டு அண்ணனை உட்கார வைத்திருந்தாள். சுற்றிலும் வேப்பிலை பரப்பியிருந்தது. சட்டை இல்லாத நெஞ்சில் வேர்க்குரு அடங்கிப் போயிருந்தது. உதடு நாவல்பழம் தின்றவர் மாதிரி இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது. அவரானால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னத்தா... முள்ளு வெட்டிப் போட்டதுக்கு... பழி வாங்க வந்தியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். வாசலில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது வேடிக்கைப் பேச்சாகத் தெரியவில்லை. தன் வீட்டுக்கு நடந்ததை இந்த வீட்டுக்கும் நடத்தி, தெருவை மறுபடியும் அடைக்க வைக்க வந்திருக்கிறாள் என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். நான் அவர் விரலில் மிசினை மாட்டினேன். அறுபத்தெட்டு காட்டியது. ஹாஸ்டலில் தொண்ணூறுக்குக் கீழே போனாலே நர்சம்மா ஓடி வருவாள்.

"நகத்துல பவுடர் இருக்குல்ல... மிசினு என்னத்தக் காட்டும்?" என்றார் அண்ணன்.

தெருவிலிருந்து ரோஜாவும் அதையே சொன்னாள். நகப்பூச்சு, மருதாணி இருந்தால் தப்பாகக் காட்டும் என்று பயிற்சியில் சொன்னார்களாம். என் விரலில் மாட்டிக் காட்டினேன், தொண்ணூற்றெட்டு. நீ கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவள், உன் நகத்தில் பவுடர் ஏது என்றார்கள். அவர் கால் விரலில் மாட்டினேன். எழுபதைத் தாண்டவில்லை. மருந்து அறைக்குள் செருப்பு போடக் கூடாது, வெறுங்காலோடுதான் வேலை. காலிலும் அதே வெள்ளி. இருபது வருஷம் அவருக்குச் சோறு போட்ட பவுடர் அந்த நேரத்தில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

மதினி கையில் செம்போடு நின்றாள். "ஊத்தாதீக மதினி. வண்டிக்குச் சொல்லுவோம். உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன்" என்று உட்கார்ந்தே விட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வெயிலில் இருந்த பானையைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவள் கை தாழ்ந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்போது அண்ணன் தலையைக் குனிந்து கொடுத்தார்.

"பாதியில நிறுத்துனா அவ சும்மா இருப்பாளா செல்வி" என்றாள். ஊற்றினாள்.

முதல் செம்பில் உடம்பு உதறியது. மூன்றாவது செம்பில் பலகையிலிருந்து சரிந்தார். சுவர் ஏறிக் குதித்துக் காளிராஜ் வந்தார். அவர் யாரையும் கேட்காமல் ஏற்கெனவே நூற்றியெட்டுக்குச் சொல்லிவிட்டிருந்தார். அந்த மாசம் வண்டிக்குக் காத்துக் கிடக்காத ஊர் எது? இரண்டு பேருமாக அண்ணனைக் குப்புறப் படுக்க வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தோம். ஈர முதுகு. முள்ளை இழுத்த கை என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது கோபம் இல்லை, இந்த மனுஷன் பிழைத்தால் போதும் என்றிருந்தது.

வண்டி வந்தபோது நிழல் சாய்ந்திருந்தது. உடம்பு முழுக்க மூடிய இரண்டு பேர் வேப்பிலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மதினி கூட ஏறிக்கொண்டாள். தெருவில் அத்தனை பேரும் அவரவர் வாசலில் நின்றார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றனவாம். அவர் முறை வருவதற்குள் வண்டியிலேயே முடிந்துவிட்டது. கடைசியாக முகத்தில் மாட்டியிருந்ததை விலக்கிவிட்டு, தெருவை அடைத்துவிட்டார்களா என்று கேட்டாராம். இல்லை என்று மதினி சொன்னாளாம். அதற்குமேல் பேச்சில்லை.

உடம்பை வீட்டுக்குத் தரவில்லை. பொதிந்த பொதியாக நாலு பேர் இறக்கிக் குழியில் வைத்தார்கள். மதினி தூரத்தில் நின்று பார்த்தாள். கோடித் துணி போட ஆள் இல்லை, நீர்மாலை இல்லை, கொட்டு இல்லை. ஊர் ஊராய் நல்லதுக்கும் கெட்டதுக்கும் வெடிக்கிற வெடிக்கு மருந்து கலந்தவர், அவர் சாவுக்கு ஒரு வெடி போடவில்லை. நான் வீட்டுக்குள் உட்கார்ந்து வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் தெருவை அடைத்தார்கள். அவர் எதற்குப் பயந்தாரோ அது அப்படியே நடந்தது. தகரம் வந்தது, வேன் நின்றது. கொஞ்ச நாள் கஷ்டப்பட்டோம், ரேஷன் அரிசியைப் பொங்கித் தின்றோம். பிறகு தகரத்தைப் பிரித்தார்கள், வேன் வந்தது. அவ்வளவுதான். இதற்காகவா அண்ணே என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். இந்தக் கொஞ்ச நாளுக்காகவா?

தெருவில் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். மதினி ஒருத்தியைத் தவிர யாருக்கும் இல்லை. அவளுக்கும் லேசாகத்தான் இருந்தது, வீட்டிலேயே தனியாக இருக்கச் சொன்னார்கள். வந்த ஆபீசருக்கு ஆச்சரியம். இத்தனை நெருக்கமான தெருவில் ஒருவருக்குக்கூடப் பரவவில்லை, இவ்வளவு ஒழுங்காகத் தனிமைப்படுத்தியதை நான் பார்த்ததே இல்லை என்று பாராட்டிவிட்டுப் போனார். ஆத்தா ஒருத்தரை எடுத்துக்கொண்டு தெருவைக் காப்பாற்றினாள் என்று தெரு பேசியது. காப்பாற்றியது அந்த வேப்பிலைதான், அதில் எனக்கும் சந்தேகமில்லை. யாரையும் உள்ளே விடவில்லை. பார்க்க வேண்டியவர்களையும் விடவில்லை.

அந்த வேப்பிலை நிலையிலேயே காய்ந்து சருகாகத் தொங்கியது. ஒரு தண்ணீர்தான் ஊற்றியிருந்தது. மூன்றும் முடியாமல் அதை அவிழ்க்க யாருக்கும் தைரியம் இல்லை. அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை. மதினி அந்தச் சருகுக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் கஞ்சி கொண்டுபோய் வைத்தால் பாதி குடிப்பாள். புருஷன் செத்த வீட்டில் ஒப்பாரிச் சத்தம் கேட்காமல் நான் பார்த்தது அந்த ஒரு வீடுதான்.

ஒரு நாள் அவளே கேட்டாள், மீதி இரண்டு தண்ணீரையும் தனக்கு ஊற்றிவிடச் சொல்லி. நானும்தானே அந்த நோயில் கிடந்தேன், ஆத்தாவை அரைகுறையாக நிறுத்தி வைக்கக் கூடாது என்றாள். சரி என்றேன். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு போனேன். ரோஜாவிடம் மிசினை வாங்கி வைத்திருந்தேன், முதலில் அவள் விரலில் மாட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தாள். அதற்குப் பிறகுதான் இரண்டாம் தண்ணீரை ஊற்றினேன். அன்றும் அவள் அழவில்லை.

மூன்றாம் தண்ணீர் அன்று அதே பலகையில் உட்கார்ந்தாள். பானைத் தண்ணீர் வெயிலில் நன்றாகச் சுட்டிருந்தது. நான் ஒரு செம்பு ஊற்றியதும் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"செல்வி, நான் கட்டுனது பொய் வேப்பிலைதான?"

எனக்குத் தெரியும். காய்ச்சல் இருந்தபோதே கொண்டுபோயிருந்தால் அவர் பிழைத்திருப்பார். சாத்தூர்க்காரி பிழைத்தாள், நான் பிழைத்தேன், காளிராஜ் பிழைத்தார். அவளுக்கும் அது தெரியும், தெரிந்துதான் கேட்கிறாள். உண்மையைப் பளிச்சென்று சொல்லிவிடுகிற வாய் என்று எனக்குத் தெருவில் பேர். அந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. முள் கிழித்த பழைய கோடு அவள் முழங்கையில் வெள்ளையாகத் தெரிந்தது.

"பொய் இல்ல மதினி. அம்மைதான். நெஞ்சுல நானே பாத்தேன்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப ஆத்தா ஏன் செல்வி அவரக் கூட்டிட்டுப் போனா? நான் ஒரு குறை வைக்கலையே" என்றாள்.

அவளுக்கு ஒரு பதில் வேண்டும். இல்லையென்றால் இந்தச் சருகுக்குக் கீழேயே இருந்து அவளும் காய்ந்து போவாள். எனக்கு அப்போது ஒன்றுதான் கைக்கு அகப்பட்டது. இருக்கன்குடிப் பக்கம் பார்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"நான் கருவாடு வறுத்தேன் மதினி" என்றேன். "போன வருசக் கோவத்துல வேணுமின்னேதான் வறுத்தேன். ஒங்ககிட்டப் பொய்ச் சத்தியம் பண்ணுனேன்."

அவள் பலகையிலிருந்து எழுந்து ஈரக் கையால் என் கன்னத்தில் அறைந்தாள். தோளில் அடித்தாள், நெஞ்சில் அடித்தாள். "படுபாவி, கருவாடு வறுத்து என் குடியக் கெடுத்தியே" என்று கத்தினாள். கத்தக் கத்த அவளுக்கு அழுகை வந்தது. தெரு முழுக்கக் கேட்கும்படி, அவர் பேரைச் சொல்லிச் சொல்லி, அத்தனை நாளும் அழாததையெல்லாம் அழுதாள். நான் அடியை வாங்கிக்கொண்டு நின்றேன். அவள் ஓய்ந்து பலகையில் உட்கார்ந்ததும் மீதித் தண்ணீரை ஊற்றி முடித்து, நிலையில் தொங்கிய சருகை அவிழ்த்து வெளியே கொண்டுபோய்ப் போட்டேன்.

அன்றிலிருந்து குழாயடியில் குடங்கள் மறுபடியும் நகர்கின்றன. முனியராஜைக் கருவாடு வறுத்துக் கொன்றவள் என்று என் காதில் விழும்படியே பேசுகிறார்கள். நான் வறுக்கவில்லை என்பது காளிராஜுக்கு மட்டும் தெரியும். நான் இரண்டு குடம் பிடிக்கிறேன். ஒன்றைக் கொண்டுபோய் மதினி வாசலில் வைத்துவிட்டு வருவேன். அவள் என்னோடு பேசுவதில்லை. சாயங்காலம் பார்த்தால் குடம் காலியாக என் வாசலில் இருக்கும்.